பழசு என்று யார் சொல்வது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில விஷயங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'பொறியாளர், குத்தாலம்' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டுக்குமே சின்ன விளக்கம் தேவை. இங்கே நான் படித்தது பி.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ். பிறகு வேலைக்குப் போன இடத்தில் 'சிஸ்டம்ஸ் இன்ஜினியர்' என்று ஒரு பதவியைக் கொடுத்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பொறியாளர். ஊரைப் பொறுத்தவரை, சென்னையில் யாரிடம் குத்தாலம் என்று சொன்னாலும் "சீசன் ஆரம்பிச்சாச்சா சார்?" என்பார்கள். ஐயா, அது குற்றாலம், அங்கே அருவி. இது குத்தாலம், இங்கே காவிரி. ஒரு எழுத்து மாறினால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்குவீர்கள்!

செயலாளர் அண்ணன் என்னை 'மாறிவரும் தொழில்நுட்பம்' பற்றிப் பேசச் சொன்னார். அது பெரிய தலைப்பு. அதைப் பேச என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் வைத்திருப்பது சின்னக் கேள்வி. நம் வீட்டு மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, இனி உதவாது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நாமா, கடைக்காரரா, அமெரிக்காவில் இருக்கிற கம்பெனியா?

இதோ, இந்த மேஜைமேல் இருக்கிற லேப்டாப்பைப் பாருங்கள். இந்த உரையை இதைப் பார்த்துத்தான் படிக்கிறேன். 2012-ல் நான் மூன்றாம் வருஷம் படித்தபோது இதே கல்லூரி வளாகத்தில் வரிசையில் நின்று வாங்கிய அரசு இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம். பிளஸ் டூ மாணவர்களுக்கும் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்குள் வந்த முதல் லேப்டாப் இதுதான். அந்த வருஷத்து மின்வெட்டு இங்கே இருக்கிற பலருக்கு ஞாபகம் இருக்கும். நம் பக்கமெல்லாம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் போகும், சில நாள் அதற்கு மேலும் போகும். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டு வைத்து, இல்லாதபோது இதன் வெளிச்சத்திலேயே அம்மா அரிசி களைந்ததும் உண்டு.

அந்த லேப்டாப்பைத் திறந்தால் முதலில் ஒரு கேள்வி வரும். விண்டோஸா, பாஸ் லினக்ஸா? பாஸ் என்பது நம்ம ஊர் சரக்கு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட ஆபரேட்டிங் சிஸ்டம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் வாரமே கடைக்குப் போய், "அண்ணே, இந்த பாஸை எடுத்துட்டு ஃபுல்லா விண்டோஸ் போட்டுக் கொடுங்க" என்று 200 ரூபாய் கொடுத்து அழித்துக்கொண்டு வந்தேன். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். அடுத்த வருஷம் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு கறுப்புத் திரையைக் காட்டி, "லினக்ஸ் தெரியும்ல?" என்றார் மேலதிகாரி. அங்கே சர்வர் முழுக்க லினக்ஸ். இலவசமாக வீட்டு மேஜையில் வந்து உட்கார்ந்ததைக் காசு கொடுத்து அழித்துவிட்டு, அதையே வடபழனியில் காசு கட்டி ராத்திரி வகுப்பில் படித்தேன்.

இப்போது இன்னொரு லேப்டாப்பின் கதையைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் தங்கைக்கும் பிளஸ் டூவில் ஒரு லேப்டாப் கிடைத்தது. அவள் தாவரவியல் படித்தாள். கடைசி வருஷப் புராஜெக்ட்டுக்குப் பழைய நெல் ரகங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து, லேப்டாப்பை எதிரே வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தாள். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம். மாப்பிள்ளைச் சம்பா, கிச்சலிச் சம்பா, எந்த வயலுக்கு எந்த மதகிலிருந்து எத்தனை நாள் முறை, மேட்டூர் ஜூன் 12-ல் திறந்த வருஷம் எது, திறக்காத வருஷம் எது, அந்த வருஷம் யார் யார் ஊரைவிட்டுத் திருப்பூர் போனார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். நான் அதை முழுசாகக் கேட்டதில்லை. "அப்புறம் கேக்குறேன்" என்று சொல்லியிருந்தேன்.

2019-ல் தங்கை போன் செய்தாள். "அண்ணா, லேப்டாப் ஆன் ஆவுது, ஃபேன் சத்தம் கேக்குது, ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. கடையில காட்டினேன், போர்டு போச்சு, ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கலாம்னு சொல்றாங்க." நான் அப்போது ஏதோ அவசர வேலையில் இருந்தேன். நான் சொன்ன பதில் இது: "ஏழு வருஷத்துக்கு முந்தின மாடல்மா அது. தூக்கிப் போடு, புதுசு வாங்கித் தரேன்." வாங்கியும் கொடுத்தேன். தீபாவளிக்கு முன்னால் வீடு ஒழித்தபோது, அம்மா அதைப் பழைய இரும்போடு சேர்த்து 400 ரூபாய்க்குப் போட்டுவிட்டார்.

2021-ல் அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் தங்கை மெதுவாகக் கேட்டாள், "அண்ணா, அப்பா பேசினது அந்தப் பழைய லேப்டாப்லதானே இருந்துச்சு?"

நான் பேசவில்லை. என்ன பேசுவது? தொழில் இதுதான் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு அன்றைக்கு ஒரு நிமிஷம் கேட்கத் தோன்றவில்லை. ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேம். அதைக் கழற்றி, அதன் செம்புப் பற்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினால் பல கேஸ்கள் உயிர் வந்துவிடும். கடலோரக் காற்றும் ஈரமும் உள்ள நம் பக்கத்தில் பச்சை பிடிப்பது சகஜம். சரி, நிஜமாகவே போர்டு போயிருந்தாலும் என்ன? ஹார்டு டிஸ்க் தனி உறுப்பு. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். 300 ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. பெட்டி வாங்கி அதில் போட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்க்கலாம். வீடு இடிந்தால் பெட்டகமும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லையே. இதை எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடல் பழசு என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் மூளை அங்கேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் பரணில் கிடந்த என்னுடைய லேப்டாப்பை, அதாவது இதை, இறக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குத்தாலத்து வீட்டுக் கூடத்தில் பழைய வேட்டியை விரித்துப் பிரித்தேன். உள்ளே என்ன இருந்தது என்கிறீர்கள்? நெல் உமித் தூசி! எங்கள் தெருக்கோடியில் கொள்முதல் நிலையம். அறுவடை சீசனில் தூற்றுகிற தூசியெல்லாம் வீட்டுக்குள்தான். ஃபேனுக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிற தகட்டுக்கும் நடுவே கம்பளி மாதிரி அடைத்திருந்தது. சூடு வெளியே போகாவிட்டால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'பழசானதால் மெதுவாகிவிட்டது' என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இந்த உமிதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பிராசஸர்மேல் காய்ந்து போயிருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிது தடவினேன்.

அடுத்தது ரேம். மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரேம் என்பது அடுப்பங்கரை மேடை. ஹார்டு டிஸ்க் பரண். மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரணில் ஏறி இறங்க வேண்டும். சமையல் தெரிந்தவர்தான், ஆனால் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் வரும். 2 ஜி.பி. இருந்த இடத்தில், பழைய ரேம் ஒன்றை 700 ரூபாய்க்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிடித்து 4 ஆக்கினேன். சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டேன். மூன்று நிமிஷத்துக்கு மேல் எடுத்தது இப்போது நாற்பது செகண்டில் எழுந்து உட்காருகிறது. எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள்.

ஆனாலும் ஒரு வேடிக்கை. எல்லாம் சரியாக ஓடுகிறது, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டுகிறது. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தங்கை மகள், ஆறு வயசு, பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மாமா, இதுல தேதி தப்பா இருக்கு" என்றாள். உள்ளே இருக்கிற சின்ன பட்டன் பேட்டரி செத்துப்போய்க் கடிகாரம் பல வருஷம் பின்னால் நின்றிருந்தது. வெப்சைட் காட்டுகிற சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பழைய வருஷத்தில் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு எல்லாமே இன்னும் பிறக்காத சான்றிதழ்! நாற்பது ரூபாய் பேட்டரியில் முடிந்தது. இன்ஜினியர் நான்.

இனி ஆபரேட்டிங் சிஸ்டம். எக்ஸ்.பி. 2001-ல் வந்தது, 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் மேலும் ஒரு வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் என்று அறிவித்தார்கள். முந்தைய தேதிகளில் புது விண்டோஸைப் போட்டுக்கொள்ள வழி இருந்தது. இந்த முறை அதுவும் சிக்கல். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். அதாவது 2016-ல் அறுபதாயிரம் கொடுத்து வாங்கி, இன்றைக்கும் நன்றாக ஓடுகிற மெஷினுக்குக்கூட வாசலில் இடம் இல்லை. பாதுகாப்புக்காக என்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் 'ஆதரவு முடிந்தது' என்பதற்கு 'மெஷின் செத்துவிட்டது' என்று அர்த்தமில்லை. ஓட்டுநர் ஓய்வு பெற்றுவிட்டார், பஸ் இருக்கிறது. வேறு ஓட்டுநரைப் பார்க்க வேண்டியதுதான்.

நான் பார்த்த ஓட்டுநர் லினக்ஸ் மின்ட், எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான ரகம். 4 ஜி.பி. மெஷினுக்குப் போதும். தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. அம்மா இதில் சுப்ரபாதம் கேட்கிறார், தங்கை மகள் படம் வரைகிறாள்.

இதைச் சொன்னதும் 'ஓஹோ, லினக்ஸ் கட்சிக்காரன்' என்று முடிவுகட்ட வேண்டாம். மாயவரத்தில் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிற நம் நண்பர்களிடம் டாலியை விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். தெரு ஜெராக்ஸ் கடைப் பிரிண்டர் ஒன்றை லினக்ஸில் ஓட வைக்கப் போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகி, கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். இதில் வீடியோவைப் பெரிய அளவில் ஓட விட்டால் திணறும். லினக்ஸும் என்றைக்கும் கைவிடாத தெய்வம் ஒன்றும் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் மெஷின்களில் புதிதாக நிறுவுகிற வழியை எடுத்துவிட்டார்கள். என்ன, அங்கே காரணத்தைப் பொதுவில் பேசி, வருஷக்கணக்காக அவகாசம் கொடுத்துச் செய்தார்கள்.

குத்தாலத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு அச்சகம் இருக்கிறது. அங்கே இன்றைக்கும் எக்ஸ்.பி.யும் பேஜ்மேக்கரும்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. நான் வாய் சும்மா இல்லாமல், "மாத்திடலாமே அண்ணே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுக்கு நெட்டு கிடையாது, பென்டிரைவ் என்னோடது ஒண்ணுதான். இருபது வருஷத்து முகூர்த்தப் பத்திரிகை இதுல இருக்கு. தாத்தா பத்திரிகையைத் திறந்து பேரைத்தான் மாத்துறேன். எதுக்கு மாத்தணும்?" யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. நெட்டே இல்லாத மெஷினுக்குப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தால் வருகிற ஆபத்து குறைவு. பழசு என்று அவர்தான் சொல்ல வேண்டும், நான் அல்ல.

ஆனால் அந்த அச்சகத்தில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். நம் சங்கத்தின் பழைய மலர் ஒன்று சி.டி.யில் இருந்தது. ஆர்வத்தோடு என் மெஷினில் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த சோளப்பொரி! அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைத் தம் இஷ்டப்படி உட்கார வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு பொது முறை வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அப்படிப் பழைய எழுத்துருவில் டைப் செய்தது எல்லாம் அந்த எழுத்துரு கூடவே இருந்தால்தான் தமிழ். நல்லவேளை, மாற்றித் தருகிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு வாரம் உட்கார்ந்து அந்த மலரை யூனிகோடுக்கு மாற்றினேன். 'ஸ்ரீ' வருகிற இடமெல்லாம் கெட்டிருந்தது, கையால் திருத்தினேன். கோப்பைச் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறாக ஒரு சந்தோஷம். நான் பிளஸ் டூ படித்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் ஸ்டார் ஆபீஸ்தான். 'வேலைக்குப் போனால் இதை யார் கேட்கப் போகிறார்கள்' என்று திட்டிக்கொண்டே படித்தோம். ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரே இன்று சந்தையில் இல்லை. ஆனால் அன்றைக்கு அதில் நான் எழுதிய செய்முறைப் பதிவேடு இன்றைக்கு லிப்ரே ஆபீஸில் ஒரு எழுத்து கெடாமல் திறக்கிறது. கோப்பின் அமைப்பை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டிருந்தார்கள், அதுதான் காரணம்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ இரண்டு வருஷத்தில் தருவதாக அரசு அறிவித்தது. கிடைத்தால் அதில் இருக்கிற எதையும் என்னைப் போல முதல் வாரத்தில் அழிக்காதீர்கள். அழிக்கத்தான் வேண்டும் என்றால் ஆறு மாதம் பார்த்துவிட்டு அழியுங்கள். சொந்தக் காசில் வாங்கினால் நிறத்தையும் எடையையும் கேட்கிற கையோடு, "ரேமைக் கழற்றி மாத்த முடியுமா, டிஸ்க்கை மாத்த முடியுமா?" என்று கேளுங்கள். மெல்லிசு மாடல்கள் பலவற்றில் ரேமைப் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். மேடை சின்னது என்று தெரிந்தாலும் இடித்துக் கட்ட முடியாது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்று முக்கியம். நான் சொன்ன அந்த 300 ரூபாய்ப் பெட்டி வைத்தியம் புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் அப்படியே பலிக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டுத் திறந்தால் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. திருடன் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாது, நல்லதுதான். ஆனால் போர்டு போய்விட்டால் நமக்கும் அதே கதி. 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி உங்கள் கணக்கில் இருக்கும். அதை இன்றைக்கே எடுத்து ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் எலெக்ட்ரானிக்ஸ் லேபுக்குப் பின்னால் உள்ள அறையில் பதினொரு பழைய மெஷின்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. ஏலத்தில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்க்க முதல்வர் அவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார். வருகிற இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணி. ஸ்க்ரூ டிரைவரும் வெப்பப் பசையும் நான் கொண்டுவருகிறேன். ஆளுக்கொரு பழைய டூத் பிரஷ்ஷும் ரப்பரும் நீங்கள் கொண்டுவாருங்கள். செத்துப்போனது என்று யாராவது வீட்டுப் பரணில் லேப்டாப் வைத்திருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். முதலில் டிஸ்க்கை வெளியே எடுத்து அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மற்றதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.